ஏணியின் இடது பக்கம்

பாடகன் ஆல்பன் ஸ்கெல்டன் பாதி முகத்தை மட்டும் மழித்துக்கொண்டு மேடைக்கு வந்த அன்று, ஷெஃபீல்டில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வலது கன்னம் பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் நாலைந்து நாள் தாடி. மறுநாள் லீட்ஸில் முன்வரிசைப் பையன்கள் ஒரு கூட்டமாக அதேபோல் பாதி முகத்தை மழித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன், நவீன மனிதனின் இரட்டை முகம், அது இது என்று அரைப் பக்கத்துக்குத் தத்துவம் வேறு எழுதியிருந்தான். மேடையில் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆல்பனின் அக்கா மார்னி மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம், அவன் மழித்ததை அவள் பார்த்திருந்தாள். விடுதி அறைக் கதவு திறந்து கிடந்தது. கண்ணாடி முன் நின்று வலது பக்கத்தை நிதானமாக மழித்தான். பிளேடைக் கழுவினான். முகத்தைத் துடைத்தான். வலது கன்னத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று சட்டையை எடுத்தான். குறும்பு செய்யப் போகிற ஆல்பனை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்போதெல்லாம் அவன் காது சிவந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையின் நாற்காலியில் நண்டை வைத்த அன்றும் சிவந்தது, ராணியின் பிறந்தநாளுக்கு மேயரின் தொப்பியோடு ஓடிய அன்றும் சிவந்தது. ஷெஃபீல்டில் சிவக்கவில்லை.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க முடியாது. ஏன் என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவர்கள் பாட்டுக்குழுவில் கிடையாது.

குழுவின் பெயர் 'கவுன்சிலர் பிம்மின் ஏணி'. பிம் என்று ஒரு கவுன்சிலர் அவர்கள் ஊரான கிரிம்ஸ்பியில் என்றைக்கும் இருந்ததில்லை. ஏணி மட்டும் நிஜம். மீனும் சிப்ஸும் விற்கிற கடையின் மாடியில் முதல் ஒத்திகை நடந்தபோது, வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன மர ஏணி ஒன்று அங்கே நின்றது. ஆல்பன் எதுவும் சொல்லாமல் அதன் உச்சிக்கு ஏறி உட்கார்ந்து பாட ஆரம்பித்தான். டிரம்ஸ் வாசித்த ஹெட்லி, "ஏன்டா அங்க போய் உக்காந்திருக்கே?" என்று கேட்டான். கேட்டதுதான் தாமதம். ஆல்பன் இறங்கினான், கோட்டை மாட்டினான், வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியில் கிதார் வாசிக்கிற டன்கன் போய்க் கெஞ்சி அழைத்து வந்தபோது ஒரே நிபந்தனை போட்டான். யார் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டவர் எல்லோருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கித் தர வேண்டும். மேடையில் என்ன நடந்தாலும் பாட்டை நிறுத்தவும் கூடாது.

அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கோடை முழுக்கப் ஆற்றைக் கடக்கிற பயணிகள் படகுகளில் மட்டும் வாசித்தார்கள். ஒரு வருஷம் நூலகங்களில் மட்டும். அங்கே ஆல்பன் கிசுகிசுத்துப் பாட, ஹெட்லி தூசி தட்டுகிற இறகுக் குச்சியால் டிரம்ஸ் வாசித்தான். லண்டனிலிருந்து பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று தேடி வந்து ஒப்பந்தம் போட்டு, தொலைக்காட்சியில் இடமும் பிடித்துத் தந்தது. ஆல்பன் ஏணி மேல் ஏறி, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடியே முழுப் பாட்டையும் பாடிவிட்டு இறங்கினான். கம்பெனி கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டது. ஊரில் பாதிப் பேர் பைத்தியங்கள் என்றார்கள், நாலு பேர் மேதைகள் என்றார்கள். அந்த நாலு பேரை நம்பித்தான் இருபது வருஷம் வண்டி ஓடியது.

அந்த நாலு பேர், அதாவது ரசிகர்கள், சாதாரண ஆட்கள் இல்லை. ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை மீனவர்களின் மஞ்சள் கோட்டு, ஒரு தடவை தபால்காரர் தொப்பி. முதுகில் 'ஏன்னு கேக்காதே' என்று அச்சடித்த பனியன் எல்லோரிடமும் இருக்கும். அவர்கள் வாய்பிளந்து காத்திருப்பது ஆல்பன் குழுவை அறிமுகப்படுத்துகிற நேரத்துக்காக. யாருடைய நிஜப் பெயரையும் அவன் சொன்னதே கிடையாது. டிரம்ஸில் பதவி பறிக்கப்பட்ட பிஷப் இன்னார், கிதாரில் நார்வேயின் கள்ள இளவரசன் இன்னார் என்று நாளுக்கொரு பெயர். மார்னி கடைசி. மேடையில் எப்போதும் அவனுக்கு இடது கைப்பக்கம் அவள் பியானோ இருக்கும். அவன் இடப்பக்கம் திரும்பி, புதிதாக ஒரு பெயரைச் சொல்லுவான். அவள் பதிலுக்கு ஓர் அபசுரத்தைத் தட்டுவாள். சொன்ன பெயரைத் திரும்பச் சொன்னதில்லை.

கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பது மார்னிக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பல வருஷங்களுக்கு முன்பு கிளீதார்ப்ஸில் உயிர்காப்புப் படகுக் கொட்டகையில் நிகழ்ச்சி. பாட்டின் நடுவில் ஆல்பன் ஏணியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தான். கண் செருகியிருந்தது. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓடினாள், என்னடா, ஏன்டா என்று கத்தினாள், ஹெட்லியின் டிரம்ஸ் ஓயாமல் முழங்க ஆம்புலன்ஸை வரவழைத்தாள். படுக்கையில் தூக்கி வைக்கிறபோது அவன் கண்ணைத் திறந்து, "அடுத்த வரி வர்றதுக்குள்ள கெடுத்துட்டியே மார்" என்றான். அது நடிப்பு. பாட்டே அப்படித்தான். அதற்குப் பிறகு நாலு வருஷம் குழு இல்லை. ஆல்பன் ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான், அக்காவிடம் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேசவில்லை. மறுபடி எல்லோரும் சேர்ந்தபோது மார்னி தனக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள், செத்தாலும் இனிக் கேட்பதில்லை என்று.

இப்போது பார்த்துத்தான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியிருந்தது. 'வெளிநோயாளிகள்' என்ற புதுப் பாட்டுத் தொகுப்பு வானொலியில் ஓடு ஓடென்று ஓடியது. போன இடமெல்லாம் கூட்டம். இந்தச் சுற்றுக்கு ரசிகர்கள் எடுத்துக்கொண்ட வேஷம் டாக்டர் வேஷம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பொம்மை ஸ்டெதாஸ்கோப் குழாய், நெற்றியில் சின்னக் கண்ணாடி. மேடையிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளையாகத் தெரியும்.

லீட்ஸிலிருந்து யார்க் போகிற வழியில் வேனில் ஆல்பன் மூக்கை உறிஞ்சினான். "யாரோ ரொட்டியைக் கருக விட்டுட்டாங்க."

"வேன்ல ஏதுடா ரொட்டி?" என்றான் ஹெட்லி, ஓட்டிக்கொண்டே.

"கருகுது. உனக்கு வாடை வரலியா?"

ஹெட்லி சிரித்தான். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது மார்னி அவனைத் தனியாக இழுத்துப் போனாள்.

"ஹெட்லி, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. கொஞ்ச நாளா இவன் என் பக்கம் திரும்பவே இல்ல, கவனிச்சியா?"

"உன் மேல கோவமா இருப்பான்."

"கோவம் இல்ல. இடது பக்கமே திரும்புறதில்ல. நேத்து கதவு நிலையில இடிச்சுக்கிட்டான். இடது தோள்ல. இடிச்சதுகூடத் தெரியல அவனுக்கு."

"மார், அவன் பொறந்ததுலேர்ந்தே பாதிதான். இப்பதான் அது வெளிய தெரியுது." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினான். "போன தடவை நீ கேட்டதுக்கு நாலு வருஷம் மீன் தொழிற்சாலையில பொட்டி அடுக்குனேன். மறுபடி அடுக்கச் சொல்றியா?"

அவள் வேனுக்குத் திரும்பி நடந்தாள். நியாயமான கேள்விதான்.

மேலாளர் பெட்ராவிடம் சொல்லிப் பார்த்தாள். பெட்ரா கெட்டிக்காரி, நல்லவளும்கூட, ஆனால் இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவில்தான் எப்போதும் இருப்பாள்.

"ஒரே சரணத்தை நேத்து மூணு தடவை பாடினான் பெட்ரா."

"ஜனம் மூணு தடவையும் கூடப் பாடுச்சே. இங்க பாரு மார்னி, ஆல்பன் எப்ப ஒழுங்கா இருந்தான்? ஒரு நாள் நேரத்துக்கு வந்து, தலைசீவி, எல்லாருக்கும் குட்மார்னிங் சொன்னான்னு வை, அன்னிக்கு நானே டாக்டரைக் கூப்பிடுறேன்."

அதுதான் பயங்கரம். காய்ச்சல் வந்தவனைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கிறுக்கனுக்குக் கிறுக்குப் பிடித்தால் யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டிய ஒருத்திக்குத் தெரிகிறது, அவளுக்கோ நாக்கு எழவில்லை. நாமே கற்பனை பண்ணிக்கொள்கிறோமோ, கிளீதார்ப்ஸ் மாதிரி இதுவும் ஒரு பெரிய வேடிக்கையின் முதல் பாதியோ என்று மார்னி தன்னையே சந்தேகப்பட்டாள். ஒவ்வொரு நாளும் அவன் காதைப் பார்த்தாள். அது வெளுத்தே இருந்தது.

யார்க்கில் விடுதிச் சிற்றுண்டிக்கு இருவரும் மட்டும் கீழே வந்திருந்தார்கள். ஆல்பன் முன்னால் பெரிய தட்டு. முட்டை, பன்றி இறைச்சி, அவித்த பீன்ஸ், வறுத்த தக்காளி. அவன் சாப்பிட்டான். கத்தியால் கோடு போட்டு வெட்டினாற்போலத் தட்டின் வலது பாதி காலியானது. இடது பாதியில் ஒரு முட்டையும் பீன்ஸும் ஆவி பறக்க அப்படியே இருந்தன. முள்கரண்டியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"இந்த ஊர்ல கஞ்சத்தனம் ஜாஸ்தி. பசியே அடங்கல மார்."

மார்னி அவனையே பார்த்தாள். விளையாட்டு என்றால் இப்போது உதட்டோரம் துடிக்கும். துடிக்கவில்லை. அவள் கையை நீட்டி, தட்டை மெல்ல அரைவட்டம் திருப்பி வைத்தாள்.

"ஓ, கொண்டு வந்துட்டாங்களா?" என்று முகம் மலர்ந்து, முட்டையை வெட்ட ஆரம்பித்தான் ஆல்பன்.

தன் தம்பிக்கு உலகத்தில் பாதி காணாமல் போய்விட்டது, அந்தப் பாதியில்தான் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது. எழுந்து சுற்றிப்போய் அவனுடைய வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆல்பன், ஒரு டாக்டரைப் பாக்கலாமா?"

"ஏன்?" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பாரு, நானே கேட்டுட்டேன். சிப்ஸ் என் செலவு."

"விளையாடாத. தலை வலிக்குதா?"

"வலிக்குது. யாருக்கு வலிக்கல?" பிறகு அவன் குரல் இறங்கியது. சின்ன வயதில் இருட்டறையில் பேசுகிற குரல் அது. "மார், இத்தனை வருஷத்துல இப்பதான் நம்மளைக் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை ஹல்லுல முடிஞ்சுடும். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போ."

ஞாயிறு வரைதானே என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பயந்தவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள், தள்ளிப் போட்டாள். கிரிம்ஸ்பியில் குடும்ப டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அவனிடம் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஹல்லுல ஏணி மட்டும் வேண்டாம். கீழே நின்னே பாடு."

"ஏணி இல்லாம பிம்மா? ஜனம் அடிக்கும்." அவள் முகத்தைப் பார்த்தான், அல்லது பார்த்ததாக அவள் நினைத்தாள். "சரி. ஏறல. சத்தியம்."

சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சியை எப்போதும் ஞாயிறு மதியம் தேநீர் நேரத்தில் வைப்பது அவர்கள் வழக்கம். குழந்தைகளோடு வருவார்கள். ஹல்லில் பழைய சினிமா கொட்டகை ஒன்றைப் பிடித்திருந்தார்கள். முன்கூடத்தில் பெரிய பாத்திரங்களில் தேநீர், ஜாம் தடவிய கேக். கேக்கைத் தின்கிற டாக்டர்கள், பொம்மைக் குழாயால் ஒருவர் வயிற்றை ஒருவர் சோதிக்கிற டாக்டர்கள், நாலு வயசு டாக்டர்கள். ஆண்களில் பாதிப் பேர் பாதித் தாடி. நொண்டி நடக்கிறவர்களும் இருந்தார்கள். நேற்று ஆல்பன் இடது காலை இழுத்து நடந்திருந்தான், அதற்குள் செய்தி பரவிவிட்டது. மார்னி அவர்களைக் கடந்து போனபோது உடம்பு கூசியது. தம்பியின் நோய் ஆயிரம் பேருக்குத் தொற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

திரை விலகியபோது ஏணி மேடை நடுவில் நின்றது. ஏணி இல்லாமல் எப்படி என்று பெட்ராதான் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அலங்காரத்துக்கு மட்டும், ஏற மாட்டான் என்றாள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு ஒழுங்காகப் போயின. மார்னி விரல்கள் தாமாக வாசித்தன, கண் ஆல்பனை விட்டு நகரவில்லை. மூன்றாவது வரிசையில் பழுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மாள், வேஷமே இல்லாமல், வெள்ளைக் கோட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததையும் ஏனோ பார்த்தாள். அந்தக் கொட்டகையில் தன்னைத் தவிர சந்தோஷமாக இல்லாத ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றியது.

அறிமுக நேரம் வந்தது. ஹெட்லி டிரம்ஸை மெல்ல உருட்டினான்.

"டிரம்ஸில், சுவிட்சர்லாந்துக் கடற்படையின் ஓய்வுபெற்ற தளபதி, பார்த்தலமியு ஹாக்." கைதட்டல். "கிதாரில், தன் மாமியாரைத் தானே மணந்த வீரர், சர் லான்சிங் ப்ரவுட்." கொட்டகை அதிர்ந்தது. அடுத்து இடது பக்கம் திரும்ப வேண்டும். ஆல்பன் திரும்பவில்லை. "அவ்வளவுதான் நாங்க" என்றான்.

மார்னியின் விரல்கள் அபசுரத்துக்காகக் கட்டைகளின் மேல் காத்திருந்தன. ஜனம் ஒரு கணம் மூச்சைப் பிடித்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவை விட்டுவிட்டானாம், எவ்வளவு புது யோசனை. யாரோ விசில் அடித்தார்கள். ஹெட்லி கடைசிப் பாட்டைத் தொடங்கினான். ஆல்பன் நேராக ஏணிக்குப் போனான்.

சத்தியம் பண்ணியது அவனுக்கு நினைவில்லை. அல்லது அந்தச் சத்தியமும் இடது பக்கம் எங்கோ விழுந்துவிட்டது. வலது கையால் பிடித்து, வலது காலை வைத்து ஏறினான். இடது கால் படியைத் தேடவே இல்லை, வெறுங்காற்றில் தொங்கியது. இடது கை பக்கவாட்டில் தொங்கியது. மறுபடி வலது காலால் எம்பி அடுத்த படி. ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஜனம் படிக்குப் படி எண்ணிக் கூவியது. நாற்காலி மேல் ஏறி நின்ற ஒரு பையன் தன் இடது கையையும் அப்படியே தொங்கவிட்டுக் காட்டினான்.

மார்னி எழுந்தாள். பியானோ நின்றது. ஓடிப்போய் ஏணியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். டிரம்ஸும் கிதாரும் நிற்கவில்லை. என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது, அதுதானே சட்டம். ஹெட்லி இன்னும் வேகமாக அடித்தான். அவள் ஒரு கையால், ஏணியடியில் நின்ற ஆல்பனின் ஒலிவாங்கியை இழுத்தாள்.

"இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா? தயவு செஞ்சு. டாக்டர் வேணும்."

அரங்கம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. நூற்றுக்கணக்கான வெள்ளைச் சட்டைக் கைகள். "நான் டாக்டர்", "நானும் டாக்டர்" என்று குழந்தைகள் துள்ளின. சிரிப்பு கூரையைத் தூக்கியது. அவள் அழ ஆரம்பித்தாள். அதற்கும் கைதட்டினார்கள். இப்படியே இவன் என் கையிலேயே செத்துப்போவான், இவர்கள் இன்னொரு தடவை என்று கேட்பார்கள் என்று நினைத்தபடி மற்ற கையால் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மேலிருந்து ஆல்பன் குனிந்து பார்த்தான். அவள் இப்போது வலது பக்கம் நின்றாள், அவன் பார்வைக்கு நேராக. அவன் முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை இருந்தது. கடையில் தெரியாத ஆளுக்கு வழிவிடுகிறபோது வருமே, அந்தப் புன்னகை.

"அம்மா, நீங்க யாருன்னு தெரியல. ஏணியைத் தொடாதீங்க. எங்க அக்கா பாத்தா திட்டுவா." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கவலையோடு கேட்டான். "எங்க அக்காவைக் காணோம். யாராவது பாத்தீங்களா?"

ஒலிவாங்கி அவள் கையில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மார்னிக்கு அப்போது கிளீதார்ப்ஸ் நினைவுக்கு வரவில்லை, நாலு வருஷம் நினைவுக்கு வரவில்லை. இத்தனை காலம் நெஞ்சில் அடைத்துக் கிடந்த ஒரே வார்த்தைதான் வந்தது.

"ஏன்?" என்றாள். "ஏன் ஆல்பன்? ஏன் உனக்கு என்னைத் தெரியல? ஏன்டா?"

டிரம்ஸ் நின்றது.

அந்தக் குழுவின் சரித்திரத்தில் ஹெட்லி பாட்டின் நடுவில் குச்சியைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. டன்கனின் கிதாரும் ஒரு முனகலோடு ஓய்ந்தது. ஏணிக் குழுவின் மேடையில் ஏன் என்ற வார்த்தை ஒலிக்காது என்பது அந்த ரசிகர்களுக்குத் தங்கள் வீட்டு விலாசத்தைவிட நன்றாகத் தெரியும். முதுகில் அதை அச்சடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவன் கையை இறக்கினான். பக்கத்தில் இருந்தவள் இறக்கினாள். அலை அலையாகக் கைகள் இறங்கின. பொம்மைக் குழாய்களைக் கழுத்திலிருந்து சிலர் மெல்லக் கழற்றினார்கள். ஒரு குழந்தை, "அம்மா, இது நிஜமா?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

"நான் டாக்டர்" என்று ஒரு குரல் வந்தது. பழுப்புக் கம்பளிச் சட்டை அம்மாள் செய்தித்தாளைக் கணவன் மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். "நிஜ டாக்டர். வழி விடுங்க. ஏணியை விட்டுடாதீங்கம்மா, கெட்டியாப் பிடிங்க. தம்பி, டிரம்ஸ்காரரே, பின்னாடி போய் அவரை இடுப்புல பிடிங்க. இழுக்காதீங்க, தாங்குங்க."

ஹெட்லி தாங்குவதற்கும் ஆல்பனின் உடம்பு விறைத்து உதறுவதற்கும் சரியாக இருந்தது. கீழே கிடத்தினார்கள். யாரோ ஒரு வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவன் தலைக்கு அடியில் வைத்தார்கள். அந்த அம்மாள் முழங்காலிட்டு அவனை ஒருக்களித்துத் திருப்பி, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா" என்றாள் மார்னி. "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

"இப்ப கேட்டீங்கல்ல" என்றாள் அந்த அம்மாள், அவள் பக்கம் திரும்பாமல். "அது போதும்."

மூளையின் வலது பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு கட்டி. அன்றிரவே படம் எடுத்துக் காட்டினார்கள், உடம்பின் இடது பக்கத்தை ஆள்வது மூளையின் அந்தப் பக்கம்தானாம். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த வாக்கியத்தை மருத்துவமனையில் யாரும் முடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மண்டையைத் திறந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் மார்னி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பொல்லாத வகைக் கட்டி இல்லை என்று சொன்னார்கள், ஆனால் எடுக்கிறபோது என்னென்ன கூட வருமோ தெரியாது என்றும் சொன்னார்கள். பிழைப்பானா என்பதைவிட, பிழைத்தெழுந்து அந்த மரியாதைப் புன்னகையோடு தன்னைப் பார்ப்பானா என்ற பயம்தான் அவளை அரித்தது.

ஹெட்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காகிதத்தில் சுற்றிய மீனும் சிப்ஸும் அவன் கையில் சூடாக இருந்தன.

"நீதானே கேட்டே. அபராதம் நான் கட்டிட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். தின்ன முடியவில்லை. "பெட்ரோல் நிலையத்துல நீ சொன்னியே" என்று ஆரம்பித்தாள்.

"அதை விடு மார்" என்றான் ஹெட்லி. காகிதத்தை மடித்து மடித்து விரித்தான். "அதை நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது."

இரண்டு நாள் கழித்து அறுவை செய்த டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டாள். இளவயதுக்காரி, கண்டிப்பானவள். ஆல்பன் தலை முழுக்கக் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. டாக்டர் மார்னியை வேண்டுமென்றே கட்டிலின் இடது பக்கம் நாற்காலியில் உட்காரவைத்தாள். "பேசாதீங்க. குரல் கொடுக்காதீங்க. அவரா கண்டுபிடிக்கணும்" என்றாள். பிறகு ஆல்பனிடம் குனிந்தாள்.

"மிஸ்டர் ஸ்கெல்டன், உங்க இடது பக்கம் ஒருத்தர் உக்காந்திருக்காங்க. யாருன்னு சொல்ல முடியுமா?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வெகுநேரம் அப்படியே கிடந்தான். மார்னி மடியில் கைகளைக் கோர்த்து நெரித்தாள். திரும்ப மாட்டான், அவ்வளவுதான், பாதி உலகம் போனது போனதுதான் என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

ஆல்பனின் தலை அசைந்தது. தலையணையில் உரசி, கொஞ்சம் கொஞ்சமாக, இடது பக்கம் திரும்பியது. கண் அவள் மேல் வந்து நின்றது.

"பியானோவில்," என்றான். குரல் கரகரத்தது. "வடகடல் கலங்கரை விளக்கத்தின் முன்னாள் காவலாளி, மூன்று முறை விதவையான, லேடி ஆக்டேவியா க்ரப்."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. எழுதுவதற்குக் குனிந்தவள், மார்னியின் தோளில் கைவைத்து மெதுவாகச் சொன்னாள். "மனசைத் தளர விடாதீங்க. இந்தக் குழப்பம் கொஞ்ச நாள் இருக்கும். உங்க பேரு மெல்ல ஞாபகம் வந்துடும்."

மார்னிக்கு அது காதில் விழவில்லை. கட்டுத் துணிக்குக் கீழே வெளியே தெரிந்த அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகச் சிவந்திருந்தது.

"எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள் அழுதுகொண்டே. "என் பேரு அதுதான்."